பதிவேடுகளின் குடிபெயர்ச்சி

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டுப் புறப்படும் குடும்பம் எதுவும் மூட்டை கட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கும். எவற்றை எடுத்துச் செல்வது, எவற்றை விட்டுச் செல்வது, உடையக்கூடிய பொருளை எப்படிப் பொதிவது, பழைய பீரோ புது வீட்டு வாயிலில் நுழையுமா என்பனவெல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். அயல் மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இந்த அனுபவத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால், மனிதர் குடிபெயர்வது போலவே மனிதரைப் பற்றிய பதிவேடுகளும் இக்காலத்தில் அடிக்கடி குடிபெயர்கின்றன என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தப் பெயர்ச்சியில் நம்முடைய பெயரும் பணமும் நிலமும் அடங்கியிருக்கின்றன. ஆகவே, அது எவ்வாறு நிகழ்கிறது, அதில் எங்கெங்கே இடறல் உண்டு, குடிமக்களாகிய நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

பாங்கு, ரயில்வே, வருமான வரி இலாகா, தாலுகா கச்சேரி ஆகிய இடங்களில் முன்னாளில் தடித்த அட்டையிட்ட பேரேடுகள் அடுக்கப்பட்டிருந்தன. இன்று அவற்றின் இடத்தைக் கணினிக்குள் இருக்கும் தரவுத்தளம் பிடித்துக்கொண்டது. அலுவலக வழக்கில் இதனை டேட்டாபேஸ் என்பர். இதன் அமைப்பை வகுத்துத் தந்தவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேய அறிஞர். அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பணிபுரிந்த அவர் 1970-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், எத்தனை பெரிய விவரத் தொகுதியையும் எளிய அட்டவணைகளாகவே எழுதி வைக்கலாம் என்றும், ஓர் அட்டவணையை மற்றோர் அட்டவணையோடு பொதுவான எண்ணால் உறவுபடுத்தலாம் என்றும் காட்டினார். இத்தகைய அமைப்புக்கு உறவுமுறைத் தரவுத்தளம் என்று பெயர்.

ஒரு பாங்கை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் ஓர் அட்டவணை. கணக்குகளும் அவற்றின் இருப்பும் மற்றோர் அட்டவணை. கிளைகள் மூன்றாவது அட்டவணை. கணக்கு அட்டவணையில் வாடிக்கையாளரின் முகவரியைத் திரும்ப எழுதுவதில்லை. அவருடைய எண்ணை மட்டும் குறித்தால் போதும். அந்த எண்ணைக் கொண்டு முதல் அட்டவணைக்குச் சென்றால் முகவரி கிடைக்கும். இவ்வாறு ஒரு வரியை மற்றெல்லா வரிகளினின்றும் வேறு பிரித்துக் காட்டும் எண்ணுக்குத் திறவுகோல் என்று பெயர். ஒரே திறவுகோல் இரண்டு வீடுகளைத் திறக்குமாயின் என்ன விபரீதம் விளையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த அட்டவணைகளைக் காத்து ஆளும் மென்பொருள்கள் பல. ஆரக்கிள், மை எஸ்.கியூ.எல்., போஸ்ட்கிரெஸ் எஸ்.கியூ.எல். என்பன அவற்றுள் புகழ் பெற்றவை. நூல்களுக்குப் பதிப்புகள் உண்டாவது போல இவற்றுக்கும் பதிப்புகள் உண்டு. பழைய பதிப்பு நன்றாகத்தானே நடக்கிறது, அதை ஏன் மாற்றுவது என்று கேட்கலாம். விடை இதுதான்: பழைய பதிப்பைச் செய்தவர்கள் குறித்த காலத்துக்கு மேல் அதைச் செப்பனிடுவதில்லை. போஸ்ட்கிரெஸ் அமைப்பின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்தாண்டுகளே ஆதரவு உண்டு. 2019 அக்டோபரில் வெளிவந்த 12-ஆம் பதிப்புக்கு 2024 நவம்பரோடு அது முடிவுற்றது. மை எஸ்.கியூ.எல். 5.7 என்ற பதிப்புக்கு 2023 அக்டோபரில் விடை கொடுத்தனர். அதற்குப் பின் அதில் ஒரு துளை கண்டுபிடிக்கப்பட்டால் திருடனுக்குத் தெரியும், அடைப்பதற்குத்தான் ஆளில்லை. வீட்டின் உறுதி சற்றும் குறையாவிட்டாலும் காவற்காரன் விலகிவிட்டான் என்ற நிலை அது. அந்த வீட்டில் பிறர் பொருளை வைத்திருப்பவர் வேறு வீடு பார்த்தே ஆகவேண்டும்.

பெயர்க்கும் முறைகள் மூன்று. முதலாவது, பழைய தளத்திலுள்ள அனைத்தையும் ஒரு கோப்பில் எழுதி எடுத்துப் புதிய தளத்தில் மீண்டும் வரி வரியாக எழுதுவது. இது பாதுகாப்பானது; ஆனால் விவரங்கள் மிகுதியாயின் நெடுநேரம் பிடிக்கும், அதுவரை அலுவலகம் கதவடைக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, விவரங்களை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு ஆளும் மென்பொருளை மட்டும் மாற்றுவது. இது விரைவானது, ஆனால் அடித்தளத்தில் பழைய பிழை இருந்தால் அதுவும் அப்படியே தங்கிவிடும். மூன்றாவது, பழையதையும் புதியதையும் சில நாள் அருகருகே நடத்தி, பழையதில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் புதியதிலும் உடனுக்குடன் எழுதப்படுமாறு செய்து, இரண்டும் ஒத்து வருகின்றன என்று கண்டபின் ஒரு நள்ளிரவில் புதியதற்கு மாறுவது. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் இம்மூன்றையும் கலந்தே கையாளுகின்றன.

இனி, இடறல்களைப் பார்ப்போம். முதலில் திறவுகோல். இதற்குப் பெங்களூரிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1906-இல் மங்களூரில் அம்மெம்பள் சுப்பராவ் பாய் அவர்களால் தொடங்கப்பெற்றது கனரா பாங்கு; அதன் தலைமையகம் பெங்களூரில் இருக்கிறது. 1925-இல் உடுப்பியில் தோன்றியது சிண்டிகேட் பாங்கு. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பின்னது முன்னதில் இணைந்தது. இரண்டு பாங்குகளும் தத்தம் கிளைகளுக்குத் தனித்தனியே எண் இட்டிருந்தன. இரண்டு பட்டியல்களையும் ஒரே அட்டவணையில் இட்டால், ஒரே எண்ணுள்ள இரண்டு கிளைகள் மோதும். சிண்டிகேட் கிளையின் பழைய எண்ணோடு 10,000-ஐக் கூட்டிப் புதிய எண்ணாக்கிவிடுவது என்பது அதற்குக் கண்ட வழி. அதாவது, 1234 என்றிருந்த கிளை 11234 ஆகும். முன்னால் இருந்த சிண்டிகேட்டின் நான்கு எழுத்துகளுக்குப் பதிலாகக் கனராவின் நான்கு எழுத்துகள் வரும். பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய கூட்டல்தான். ஆயினும் இரண்டு பெருங்குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் மோதலின்றி வாழ அதுவே வழி செய்தது.

ஆனால் அதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். பாங்கின் தளத்துக்குள் எண்ணை மாற்றினால் போதாது. வெளியே எத்தனையோ இடங்களில் பழைய எண் எழுதப்பட்டிருக்கிறது. பென்ஷன் அலுவலகம், இன்ஷூரன்ஸ் நிறுவனம், ஊரிலுள்ள மகன் தாய்க்குப் பணம் அனுப்பும் கைப்பேசி ஆகியவற்றிலெல்லாம் அது இருக்கும். ஆகவே பழைய ஐ.எப்.எஸ். குறியீடுகள் ஓராண்டுக்கும் மேலாக விட்டுவைக்கப்பட்டு, 2021 ஜூன் 30-ஆம் தேதிக்குப் பிறகே செல்லாதவையாயின. வீடு மாறியவர் பழைய விலாசத்துக்கு வரும் தபாலைச் சில காலம் புது விலாசத்துக்குத் திருப்பிவிடும்படி தபால் நிலையத்தில் எழுதிக் கொடுப்பது போன்றதே இந்த ஏற்பாடு.

இரண்டாவது இடறல் எழுத்து. மத்திய சர்க்கார் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தப் பகுதியில் தனி ஈடுபாடு உண்டு. கணினிக்கு எழுத்து என்று ஒன்று இல்லை, எண்தான் உண்டு. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற உடன்படிக்கையே எழுத்துக் குறிமுறை. ஆங்கிலத்துக்கு அந்த உடன்படிக்கை முன்பே அமைந்துவிட்டது. தமிழுக்கோ 1990-களில் ஆளுக்கொரு குறிமுறை வழங்கிற்று. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் என்ற இரண்டினை ஏற்றது. இணையத்தில் டிஸ்கி என்ற முறை பரவிற்று. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு என்னும் ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் தன் தரமாக அறிவித்தது. பழைய ஏடுகளைப் புதிய தளத்துக்குக் கொண்டு செல்வோர் இந்தக் குறிமுறைகளையும் மாற்றியாக வேண்டும்.

ராமலிங்கம் என்ற பெயரைப் பாருங்கள். பழைய டிஸ்கி முறையில் அதை எழுத எட்டு பைட்டு இடம் போதும். ஒருங்குறியின் வழக்கமான சேமிப்பு முறையாகிய யூ.டி.எப்.-8 என்பதில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு கொள்ளும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். ஆகவே அதே பெயருக்கு முப்பது பைட்டு வேண்டும். ஆரக்கிள் போன்ற அமைப்புகளில் பத்தியின் அகலம் வழக்கமாகப் பைட்டுக் கணக்கில் இருக்கும். இருபது பைட்டு அகலமுள்ள பழைய பத்தியை அளவு மாற்றாமல் வைத்திருந்தால், புதிய தளம் அந்தப் பெயரை ஏற்க மறுக்கும். அல்லது, பெயர்க்கும் கருவி கவனமின்றி எழுதப்பட்டிருந்தால், வாலறுந்த பெயரை உள்ளே வைத்துவிடும். புது வீட்டு வாயிலில் பழைய பீரோ நுழையுமா என்று அளந்து பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

இன்னொரு விதமும் உண்டு. மை எஸ்.கியூ.எல். மென்பொருளின் பழைய பதிப்புகள் மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறிமுறையையே இயல்பாகக் கொண்டிருந்தன. 2018-இல் வந்த 8.0 பதிப்பு ஒருங்குறியை இயல்பாக்கிற்று. பழைய பதிப்பில் பலர் தமிழ்ப் பெயர்களை ஐரோப்பிய எழுத்து என்ற பொய் முத்திரையோடு சேமித்து வைத்திருந்தனர். உள்ளே வைத்தவரே வெளியே எடுத்தவரையில் குறை தெரியவில்லை. பெயர்ப்பின்போது முத்திரையை மெய்யென்று நம்பி மாற்றியதும், தமிழ்ப் பெயர் இருந்த இடத்தில் தலையில் கோடிட்ட ஆங்கில எழுத்தும் வட்டத்துக்குள் அடைபட்ட எழுத்தும் மாறி மாறி நிற்கும். பில்லிலோ ரசீதிலோ அத்தகைய கோலத்தைக் கண்டவர் இனி அதன் காரணத்தை அறிவார்.

மூன்றாவது இடறல் வரிசை. தரவுத்தளம் ஒரு பெயரைத் தேடும்போது முதலிலிருந்து கடைசி வரை புரட்டிப் பார்ப்பதில்லை. அகரவரிசையில் அமைந்த அடைவு ஒன்றை வைத்துக்கொண்டு, நடுவே திறந்து, தேடும் பெயர் முன்னா பின்னா என்று பார்த்துப் பாதிப் பாதியாக ஒதுக்கிச் செல்லும். நாம் அகராதி பார்ப்பதும் அப்படித்தான். ஆனால் அகரவரிசை என்பது எது? ஒருங்குறியின் எண் வரிசையில் றன்னகரம் தந்நகரத்தை அடுத்து நிற்கிறது; நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி எழுத்து. எனவே எண் வரிசைப்படி கனகா, கமலா, கலா, கவிதா என்று வரும். அகராதிப்படி கமலா, கலா, கவிதா, கனகா என்று வரும். பழைய பதிப்பு முன்னைய வரிசையில் அடைவைக் கட்டியிருக்க, புதிய பதிப்பு பின்னைய விதியைக் கொண்டு தேடுமானால், கனகாவைத் தேடுவோர் கலாவின் இடத்தில் திறந்து, இன்னும் பின்னால் என்று சென்று, கடைசியில் இல்லை என்று சொல்லிவிடுவர். கனகாவின் கணக்கு இருக்கும், பணம் இருக்கும், கண்ணுக்கு மட்டும் தென்படாது.

இது கற்பனையன்று. 2018 ஆகஸ்டில், லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை நூலகமாகிய ஜி-லிப்சியின் 2.28 பதிப்பு எழுத்துகளின் வரிசை விதிகளை மாற்றியமைத்தது. இயங்குதளத்தைப் புதுப்பித்தவர்களில் பலர் தம் போஸ்ட்கிரெஸ் தளங்களின் அடைவுகள் பழுதுற்றதைப் பின்னரே உணர்ந்தனர். தரவுத்தளத்தை அவர்கள் தொடவே இல்லை. அது நின்ற தரையைத்தான் மாற்றினர். எல்லா அடைவுகளையும் புதிய விதிப்படி மீண்டும் கட்டுவதே பரிகாரமாயிற்று.

நான்காவது இடறல், தமிழரைத் தனிப்படத் தொடுவது. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு, நம் பெயரைப் பின்னால் எழுதுகிறோம். வடபுலத்தாரும் மேல்நாட்டாரும் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாகப் பிரித்து எழுதுகின்றனர். பழைய ஏட்டில் பெயர் என்ற ஒரே பத்தி இருந்து, புதிய ஏட்டில் இரண்டு பத்திகள் இருந்தால், கே. முருகேசன் என்பவரை யந்திரம் எவ்வாறு பிரிக்கும்? கே என்பதே இவர் பெயர், முருகேசன் என்பது குலப்பெயர் என்று கொள்ளக்கூடும். வருமான வரி இலாகாவின் பான் அட்டை விண்ணப்பத்தில் தலைப்பெழுத்துகள் ஏற்கப்படுவதில்லை. எனவே ஓரிடத்தில் கே. முருகேசன், மற்றோரிடத்தில் முருகேசன் கந்தசாமி, வேறோரிடத்தில் கந்தசாமி முருகேசன் என்று ஒருவரே மூவராகத் திகழ்கிறார். ஆதாரையும் பான் அட்டையையும் இணைப்பதற்கு 2023 ஜூன் 30 கடைசி நாள் என்று இருந்தபோது, பெயர் பொருந்தாமையால் அலைந்தவருள் நம்மவர் பலர். தனித்தனி ஏடுகளில் உறங்கிக் கிடந்த வேற்றுமை, ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போதுதான் விழித்தெழுகிறது.

இத்தனை இடறல்களுக்கும் மாற்று என்ன? எண்ணிப் பார்த்தல், ஒப்பிட்டுப் பார்த்தல், ஒத்திகை பார்த்தல், பழையதை உடனே எறியாதிருத்தல் ஆகிய நான்கே. பழைய அட்டவணையில் எத்தனை வரிகள், புதியதில் எத்தனை என்று எண்ண வேண்டும். எல்லாக் கணக்குகளின் இருப்பையும் கூட்டி, இரண்டு பக்கமும் காசு பிசகாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் ஆங்காங்கே சில வரிகளை எடுத்து எழுத்துக்கெழுத்து ஒப்பிட வேண்டும். ஏனெனில் வரிகளின் தொகை சரியாக இருந்தும் பெயர்கள் சிதைந்திருக்கலாம்.

இந்த ஒப்பீட்டுக்குக் கருநாடகத்தின் பூமி என்னும் நிலப் பதிவேட்டுத் திட்டம் நல்ல சான்று. இரண்டாயிரமாவது ஆண்டையொட்டி, மாநில வருவாய் இலாகாவும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து, ஏறத்தாழ 67 லட்சம் நில உடைமையாளரைப் பற்றிய சுமார் இரண்டு கோடி பதிவுகளைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றின. அதுவரை அவை சுமார் 9,000 கிராமக் கணக்கர்களின் கையில் இருந்தன. நம் ஊர்க் கர்ணத்தைப் போன்றவர் அவர். கணினியில் ஏற்றியதை அச்சிட்டு, அந்தக் கணக்கர்களிடமே கொடுத்து, மூல ஏட்டோடு ஒப்பிட்டுத் திருத்தச் செய்தனர். தாலுகா முழுதும் முடிந்த பின்னரே கையால் எழுதிய பஹணிக்குச் சட்ட மதிப்பு நீக்கப்பட்டது. யந்திரம் செய்த வேலையைச் சரிபார்க்க, அந்த ஏட்டோடு பழகிய மனிதரே வேண்டியிருந்தார் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

ஒத்திகையில் குறை வைத்தால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் டி.எஸ்.பி. பாங்கு உதாரணமாயிற்று. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் அந்தப் பாங்கு 52 லட்சம் வாடிக்கையாளரின் விவரங்களைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. விவரங்கள் பத்திரமாகவே சென்று சேர்ந்தன. ஆனால் கதவைத் திறந்ததும் கூட்டத்தைத் தாங்காமல் அமைப்பு தடுமாறிற்று. சுமார் 19 லட்சம் பேர் தம் கணக்கை அணுக முடியாமல் தவித்தனர். நிலைமை முற்றிலும் சீர்பட அந்த ஆண்டின் டிசம்பர் ஆயிற்று. இரட்டையாக அமைந்த இரு கணினிக் கூடங்களில் ஒன்றை மட்டுமே முன்கூட்டிச் சோதித்திருந்தனர் என்று பின்னர் நடந்த விசாரணை கண்டது. கண்காணிப்பு அதிகாரிகள் 2022 டிசம்பரில் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுன் அபராதம் விதித்தனர். சாமான் எதுவும் உடையாமல் வந்து சேர்ந்தும், வீட்டுக்காரர் உள்ளே போக முடியாமல் வாசலில் நின்ற கதை அது.

பொறியாளரின் கடமை அவ்வளவிருக்க, ஏட்டில் பெயருள்ள நமக்கும் கடமை சிறிது உண்டு. உங்கள் பாங்கோ இலாகாவோ புதிய அமைப்புக்கு மாறப் போவதாக அறிவித்தால், அதற்கு முன் கணக்கு விவரத்தை ஒரு முறை அச்சிட்டோ பதிவிறக்கியோ வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் புத்தகத்தைத் தூக்கி எறியாதீர்கள். மாறிய பிறகு இருப்புத் தொகையோடு நின்றுவிடாமல், பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, வாரிசாகக் குறித்தவரின் பெயர் ஆகியவற்றையும் பாருங்கள். இருப்புத் தொகையில் பிழை நேர்ந்தால் அன்றே தெரிந்துவிடும். வாரிசின் பெயரில் நேர்ந்த பிழை, நாம் திருத்த இல்லாத நாளில்தான் வெளிப்படும். பிழை கண்டால் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை பெறுங்கள். முப்பது நாளில் பாங்கு பரிகாரம் தராவிடில் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. அமைப்பு மாறுகிறது, உங்கள் கணக்கைப் புதுப்பிக்க இரகசிய எண்ணைச் சொல்லுங்கள் என்று தொலைபேசியில் எவரேனும் கேட்டால், அவர் வஞ்சகர் என்று கொள்க. ஏட்டைப் பெயர்க்கும் பொறியாளருக்கு உங்கள் இரகசிய எண் எந்தக் காலத்திலும் தேவைப்படுவதில்லை.

அயலூரில் வாழ்வோருக்கு ஏட்டிலுள்ள பெயர் மிகவும் முக்கியமானது. சொந்த ஊரில், இவர் இன்னாருடைய மகன் என்று சாட்சி சொல்ல நான்கு பேர் இருப்பர். வந்து சேர்ந்த ஊரிலோ, நாம் யார் என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி. அது முழுமையாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. அது சிதையாமல் கொண்டு சேர்ப்பது ஏட்டை வைத்திருப்போரின் பொறுப்பு.